தொப்பி போட்ட பசங்களும் ஒரு ஃபார்வேர்டும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை வைக்கலை மக்களே. ஆணி ஜாஸ்தி. அடுத்தடுத்து ரெண்டு ரிலீஸ், நடுவுல ஆன்சைட் மூட்டை முடிச்சு, நியூஜெர்ஸி குளிர். சரி, கடையை மூடிட்டான் போலன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா போன வாரம் வாட்ஸப்புல வந்த ஒரு படம் மறுபடியும் உட்கார்ந்து தட்ட வச்சிருச்சு.

படம் கருப்பு வெள்ளை. ஒரு கும்பல் பசங்க நெருக்கியடிச்சு நிக்கிறாங்க. எல்லார் தலையிலயும் தொப்பி. ஒருத்தன் கூட சிரிக்கலை. கீழ கொட்டை எழுத்துல: "1800-களில் அமெரிக்கச் சிறுவர்கள். தொப்பி இல்லாத ஒரு தலையைக் காட்டுங்கள் பார்க்கலாம். ஒழுக்கம் என்றால் இதுதான்!" அதுக்குக் கீழ வரிசையா கைகூப்புற பொம்மைங்க.

அனுப்பினவர் எங்க டீம் சீனியர். நான் அண்ணேன்னு கூப்பிடுற மனுஷன். தங்கமானவர், மத்தியானம் தயிர்சாதத்துல பாதி எனக்குத் தர்றவர். அடுத்த நாள் சாப்பிடும்போதும் அதே பேச்சு. "பாத்தியாடா தம்பி, அந்தக் காலத்துல ஏழைப் பையன் கூட தொப்பி இல்லாம வெளிய வரமாட்டான். நம்ம பசங்களப் பாரு, ஹூடிய இழுத்து மூடிக்கிட்டு போன நோண்டுதுங்க." இதுல அவர் பையன் ஸ்கூல்ல 'பழைய கால உடை' தினம் வேற வருதாம். எட்டு துண்டு வச்சுத் தைச்ச, மேல பொத்தான் வச்ச தொப்பி ஒண்ணு ஆர்டர் போட்டாச்சு.

அப்ப நான் வாயத் திறக்கலை. சோறு முக்கியம். வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தத் தேடிப் பிடிச்சேன். பிடிச்சதும் வந்த எரிச்சல் தான் இந்தப் பதிவு.

அது 1800-களும் இல்லை, ஒழுக்கமும் இல்லை. அது 1911 ஜனவரி. பென்சில்வேனியாவுல சவுத் பிட்ஸ்டன்ங்கிற ஊர், நிலக்கரி உடைக்கிற ஆலை. எடுத்தவர் லூயிஸ் ஹைன். குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்கணும்னு போராடின தேசியக் குழு 1908-ல சம்பளம் குடுத்து வேலைக்கு வச்ச புகைப்படக்காரர். ஆலைக்குள்ள நுழைய விடமாட்டாங்கன்னு பைபிள் விக்கிறவன் மாதிரியெல்லாம் வேஷம் போட்டுப் போய் படம் எடுத்த ஆளு. படத்துல இருக்குற பசங்க ஓடுற கரிக்கு மேல பலகைல குனிஞ்சு உட்கார்ந்து, கைய விட்டு கல்லப் பொறுக்கி எறியற பசங்க. நாள் முழுக்க. தலைல தொப்பி எதுக்கு? குளிருக்கும் கரித்தூசிக்கும். சிரிக்காததுக்குக் காரணம் நான் வேற சொல்லணுமா?

அதாவது, "இந்த அநியாயத்தப் பாருங்கய்யா"ன்னு ஒருத்தன் உயிரக் குடுத்து எடுத்த படத்த, நூறு வருஷம் கழிச்சு "ஆஹா என்ன ஒழுக்கம்"னு நாம அனுப்பிக்கிட்டு இருக்கோம். இதுக்குக் கோவப்படாம வேற எதுக்குப் படுறது?

சரி, மேட்டருக்கு வருவோம். உண்மையான 19-ஆம் நூற்றாண்டுக்கே போவோம். அண்ணன் சொன்னதுல ஒரு பாதி சரிதான். அத முதல்ல ஒத்துக்கறேன். அந்தக் காலத்து அமெரிக்காவுல வெளிய போறவன் தலைல ஏதாவது ஒண்ணு இருக்கும். வெயில், பனி, ஊர் பூரா புகை. தவிர வெறும் தலையோட தெருவுல நடந்தா மரியாதைக் குறைச்சல்னு ஒரு எண்ணம். சர்ச்சுக்குள்ள ஆம்பளை கழட்டணும், பெண்களப் பார்த்தா லேசாத் தூக்கணும்னு ஏகப்பட்ட சட்டதிட்டம். பசங்களுக்கும் அதே பாடம். இது வரைக்கும் ஓகே.

ஆனா கேள்வி 'தொப்பி போட்டானா' இல்லை. 'எந்தத் தொப்பி, யார் போட்டுவிட்டா'ங்கிறது தான். அங்க தான் அண்ணனோட ஒழுக்கம் வழுக்கி விழுது.

டாம் சாயர் படிச்சிருப்பீங்க. 1876-ல மார்க் ட்வெய்ன் எழுதினது. கதை ஆரம்பத்துலயே டாம் ஊருக்குப் புதுசா வந்த ஒரு பையனோட கட்டிப்புரண்டு சண்டை போடுவான். சண்டைக்கு என்ன காரணம்? ஒண்ணுமே இல்லை. அந்தப் பையன் வார நாள்ல டிப்டாப்பா, ஷூவும் அழகான தொப்பியுமா நிக்கிறான். அவ்ளோதான் மேட்டர். தொப்பியக் கிண்டல் பண்றான், முடிஞ்சாத் தட்டிப் பாருன்னு இவன் சவால் விடறான், மண்ணுல உருளறாங்க. அதே புத்தகத்துல ஹக் ஃபின் வருவான். குடிகாரன் மகன். அவன் தொப்பில விளிம்பே ஒரு பெரிய துண்டு காணாமப் போயிருக்கும். டாமுக்கு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குன்னு தனியா ஒரு வைக்கோல் தொப்பி, அதுவும் அக்கா பிடிச்சு வச்சு மாட்டி விடுவா. மூணு பையன், மூணு தொப்பி. பேரச் சொல்ல வேண்டாம், அப்பன் யாருன்னு சொல்ல வேண்டாம், தலையப் பார்த்தாலே போதும். இதுக்குப் பேரு ஒழுக்கமா? எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு.

அடுத்தது காசுள்ள வீட்டுப் பசங்க. அஞ்சாறு வயசு வரைக்கும் ஆம்பளப் பசங்களுக்கும் கவுன் தான். இது கிண்டல் இல்லை, அப்ப அது தான் வழக்கம். கவுனுக்கு ஏத்த மாதிரி இறகு வச்ச தொப்பி, ரிப்பன் தொங்குற தொப்பி. பழைய படங்கள்ல பையனா பொண்ணான்னு கண்டுபிடிக்கவே முடியாது.

அதுக்கப்புறம் வர்ற ஃபேஷன் பூரா அம்மாக்களோட ஆசை. 1846-ல விக்டோரியா ராணி தன்னோட 4 வயசுப் பையனுக்கு மாலுமி உடை தைச்சுப் போட்டாங்க. அதை ஓவியமா வரைஞ்சதும் மெல்ல மெல்ல உலகம் பூரா பரவி, நூற்றாண்டோட கடைசில அமெரிக்க நடுத்தர வீட்டுப் பையன் தலை பூரா மாலுமித் தொப்பி. கடலையே பார்க்காத பையனுக்கும் கப்பல் தொப்பி! அதே ராணிக்கு ஸ்காட்லாந்து பால்மோரல் மாளிகை மேல மோகம் வந்ததும் ஸ்காட்லாந்து குல்லா. நடுவுல குஞ்சம் வச்ச வட்டக் குல்லா ஒரு வகை, பின்னால ரெண்டு ரிப்பன் தொங்குற குல்லா ஒரு வகை. ராஜா வேண்டாம்னு பிரிட்டனோட சண்டை போட்டு 1776-ல தனியா வந்த நாடு ஐயா இது. அவங்க பேரன் பேத்தி காலத்துல லண்டன் அரண்மனைல என்ன தொப்பின்னு பார்த்துப் பிள்ளைக்கு மாட்டுறாங்க.

உச்சக்கட்டம் 1886. பிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் எழுதின 'லிட்டில் லார்ட் ஃபான்ட்லராய்' புத்தகமா வந்தது. நியூயார்க்ல வளர்ற ஒரு சின்னப் பையன் திடீர்னு இங்கிலாந்து பிரபு வீட்டு வாரிசு ஆகுற கதை. ரெஜினால்ட் பர்ச் வரைஞ்ச படங்கள் இன்னும் பெரிய ஹிட்டு. வெல்வெட் சூட், லேஸ் காலர், தோள் வரைக்கும் சுருள் முடி. அவ்ளோதான், ஊர்ல இருக்குற அம்மா பூரா அதே மாதிரி தைச்சு, சுருள் முடிக்கு மேல பெரிய விளிம்பு வச்ச தொப்பியச் சாய்ச்சு வச்சு, பையன ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போயாச்சு. பையன்கிட்ட யாராவது கேட்டாங்களா? தெருவுல மத்த பசங்க அவன என்ன பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. சின்ன வயசுல சொந்தக்காரங்க கல்யாணத்துல ஷெர்வானி மாட்டிவிட்டு, ஜரிகைக் குல்லாவும் வச்சு என்னை நிக்க வச்சாங்க. அந்த ஆல்பத்த எவனாவது எடுத்தா நான் இன்னிக்கும் எழுந்து போயிடுவேன்.

'ஏம்பா, இதெல்லாம் சும்மா ஃபேஷன் தானே, இதுல என்ன பாவம்'னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. வெல்வெட் சூட்டுக்காக நான் இவ்ளோ நீளப் பதிவு போடலை. இனிமே வர்றதுக்குத் தான்.

1861-ல உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சதும் பசங்களுக்கு சிப்பாய்த் தொப்பி ஃபேஷன். முன்னால சாஞ்ச, தட்டையான உச்சி வச்ச கேப்பி. இன்னொரு பக்கம் 'ஜுவாவ்'னு பிரெஞ்சுக்காரனோட வட ஆப்பிரிக்கப் பட்டாளத்தப் பார்த்து காப்பியடிச்ச சிவப்புக் குல்லாவும் குட்டி ஜாக்கெட்டும். வீட்ல பிள்ளைங்க அதப் போட்டுக்கிட்டு மரக்கத்தி வச்சு விளையாடுச்சுங்க. அதே நேரத்துல நிஜக் கேப்பி போட்டு நிஜப் போர்ல நின்ன பசங்களும் இருந்தாங்க. முரசு அடிக்கிற பசங்க. ஜானி கிளெம்னு ஒருத்தன். வீட்ட விட்டு ஓடி மிச்சிகன் படைப்பிரிவு ஒண்ணோட ஒட்டிக்கிட்டவன். 1863 செப்டம்பர்ல சிக்கமாகா போர்ல இருந்தப்ப அவனுக்கு வயசு 12. அதுக்கப்புறம் தெற்குப் படை அவனப் பிடிச்சு சீருடையப் பிடுங்கிக்கிச்சு. அவனோட தொப்பில மூணு குண்டு ஓட்டை இருந்துச்சு, அது போனது தான் அவனுக்குப் பெரிய வருத்தம்னு சொல்றாங்க. ஓட்டைக் கணக்கு பத்திரிகைக்காரங்க ஊதினதாக் கூட இருக்கலாம். ஆனா 12 வயசுங்கிறது ஊதினது இல்லை. அவன் பொழைச்சான், பின்னாடி ஜெனரல் ஆகித்தான் ஓய்வு பெற்றான். மத்த முரசுப் பசங்க எல்லாருக்கும் அப்படி வாய்க்கலை.

அப்புறம் தொப்பியே இல்லாத தலைங்க. ஃபார்வேர்டு சவால் விடுதே, 'தொப்பி இல்லாத ஒரு தலையக் காட்டு'ன்னு, இதோ காட்டுறேன். பிரெடரிக் டக்ளஸ், மேரிலாண்டுல அடிமையாப் பிறந்தவர், 1845-ல தன் கதைய எழுதினார். வயல் வேலைக்கு இன்னும் தயாராகாத பிள்ளைங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு முரட்டுச் சட்டை தான், செருப்பு கிடையாது, கால்சட்டை கிடையாது, அந்தச் சட்டை கிழிஞ்சா அடுத்த வருஷம் வரைக்கும் அம்மணம் தான்னு சொல்றார். தொப்பி அந்தப் பட்டியல்லயே இல்லை. இவங்களும் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சிறுவர்கள் தான். ஒழுக்கம் இல்லாதவங்களா?

தொப்பியக் கட்டாயமா மாட்டி விட்ட இடமும் இருக்கு. 1879-ல ரிச்சர்ட் ஹென்றி பிராட்ங்கிற ராணுவ அதிகாரி பென்சில்வேனியாவுல கார்லைல் இந்தியப் பள்ளி ஆரம்பிச்சார். பழங்குடிப் பிள்ளைங்கள பெத்தவங்க கிட்ட இருந்து ரொம்ப தூரம் கூட்டிட்டு வந்து, முடிய வெட்டி, சொந்த உடையக் கழட்டி, பட்டாளச் சீருடையும் தொப்பியும் மாட்டினாங்க. லகோட்டா மக்கள் முடிய வெட்டுறது இழவு வீட்டுல. அந்தப் பிள்ளைங்க என்ன நினைச்சிருக்கும்? வந்தப்ப ஒரு படம், மாத்தினப்புறம் ஒரு படம்னு ஜான் சோட்ங்கிற புகைப்படக்காரர் எடுத்தத விளம்பரமா ஊர் பூரா வித்தாங்க. அந்த ரெண்டாவது படத்தப் பார்த்தா நம்ம அண்ணன் கண்டிப்பா கைகூப்புற பொம்மை போடுவார். அவ்ளோ சுத்தம், அவ்ளோ வரிசை.

இப்ப யார் செஞ்சான்னு பார்ப்போம். இது எனக்கே புதுசு.

மாசசூசெட்ஸ் கிராமங்கள்ல 1830-கள்ல ஓலைத் தொப்பி பின்றது குடிசைத் தொழில். கியூபாவுல இருந்து கப்பல்ல ஓலை வரும். கடைக்காரர் வீட்டுக்கு வீடு குடுப்பார். பொம்பளைங்களும் பிள்ளைங்களும் பின்னித் தந்தா கடைக் கணக்குல வரவு. துணி, சர்க்கரைன்னு வாங்கிக்கலாம். அப்படிப் பின்னின மலிவுத் தொப்பில ஒரு பங்கு தெற்கே போய் அடிமைகள் தலைல ஏறிச்சு. வடக்குல ஒரு சின்னப் பிள்ளை விரல் நோகப் பின்னினது, தெற்குல பருத்திக் காட்டுல வெயில் தாங்குச்சு. நடுவுல காசு பார்த்தவன் வேற ஆளு.

ஃபெல்ட் தொப்பி இத விட மோசம். முதல்ல பீவர் ரோமம். அந்தப் பிராணியக் கிட்டத்தட்டத் துடைச்சு எடுத்தாச்சு. மலிவா வேணும்னா முயல் ரோமம். ஆனா முயல் ரோமம் தானா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்காது. அதுக்கு மெர்க்குரிக் நைட்ரேட் கரைசலத் தடவணும். ரோமம் செம்பட்டையா, கேரட் நிறத்துக்கு மாறும். அதனால தொழில்ல அதுக்குப் பேரே 'கேரட்டிங்'. அப்புறம் ஆவில வச்சு அமுக்கி உருவாக்கும்போது பாதரசம் காத்துல கலந்து மூச்சுல ஏறும். கை நடுக்கம், பல் ஆட்டம், எச்சில் ஒழுகுறது, காரணமில்லாத கூச்சமும் கோவமும். கனெக்டிகட்ல டான்பரிங்கிற தொப்பி ஊர்ல இந்த நடுக்கத்துக்கு ஊர் பேரையே வச்சுட்டாங்க, 'டான்பரி ஷேக்ஸ்'. நான் தினம் ரயில்ல தாண்டிப் போற ஆரஞ்சும் நெவார்க்கும் கூட அப்ப தொப்பி ஊருங்க தான். அங்க இருந்த ஃப்ரீமேன்ங்கிற டாக்டர் 1860-லயே இந்த நோயப் பத்தி எழுதி வச்சுட்டார். பாதரசத்த நிறுத்தினது எப்ப தெரியுமா? 1941. தெரிஞ்சப்புறமும் 81 வருஷம்! கிளையன்ட் பக்கம் ஒரு பக் ரெண்டு நாள் திறந்து கிடந்தா நமக்கு எஸ்கலேஷன் மெயில் வருது.

இன்னொரு கூத்து. அந்தக் காலப் பையன்னதும் நம்ம மண்டைல வர்ற தொப்பிங்கள்ல பாதி சினிமாக்காரன் மாட்டினது. வால் தொங்குற ரக்கூன் தோல் தொப்பி, டேவி க்ரோக்கெட் தொப்பி. அது 1954, 55-ல டிஸ்னி டிவி தொடர் கிளப்பின வெறி. டேனியல் பூன் போட்டது ஃபெல்ட் தொப்பி. கௌபாய் தொப்பிக்கு மூலமான ஸ்டெட்சன் 1865-ல தான் வந்தது. அதுவும் பிலடெல்பியாவுல, பாலைவனத்துல இல்லை. பேப்பர் பையன்னா எட்டு துண்டுத் தொப்பி? 1899 ஜூலைல நியூயார்க் பேப்பர் பசங்க புலிட்சர், ஹெர்ஸ்ட் ரெண்டு பேரையும் எதிர்த்து வேலை நிறுத்தம் பண்ணினாங்க. போர் சமயத்துல 100 பேப்பர் 50 சென்ட்ல இருந்து 60 சென்ட் ஆக்கினத போர் முடிஞ்சும் குறைக்கலை. பசங்க ரெண்டு வாரம் நின்னு, விலை குறையலேன்னாலும், விக்காத பேப்பரத் திருப்பி வாங்கிக்கிறோம்னு ஒத்துக்க வச்சாங்க. 1992-ல இது சினிமாவாச்சு. அதுக்கப்புறம் பேப்பர் பையன்னா கடைல ஒரே மாதிரி தொப்பி. அந்தக் காலப் படங்கள்ல பார்த்தா விதவிதமா இருக்கும். கிடைச்சது தான் அளவு, அண்ணனோடது, அப்பனோடது. அந்தப் பசங்க போராடினது பத்து சென்ட்டுக்கு. நாம அதுல தொப்பிய மட்டும் எடுத்துக்கிட்டோம்.

தொப்பி அழகு, எனக்கும் பிடிக்கும். குளிர்ல நானே காது வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டுத் தான் ரயில் ஏறுறேன். நான் திட்டுறது தொப்பிய இல்லை. வேலைக்குப் போன குழந்தையப் பார்த்து 'என்ன பணிவு'ன்னு மெச்சிக்கிற நம்ம சௌகரியத்த. அந்த மெச்சல் அதோட நிக்காது. இன்னிக்கு டீக்கடைல கிளாஸ் கழுவுற பையன் சட்டைப் பொத்தான் போட்டிருந்தா 'பரவாயில்ல, ஒழுங்கான பையன்'னு சொல்லிட்டு அடுத்த டீ சொல்றோமே, அதே மெச்சல் தான் இது.

அண்ணன் கிட்ட நேத்து சொன்னேன். ஹைன் எடுத்த மத்த படங்களையும் காட்டினேன். மனுஷன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சரிடா, தொப்பி ஆர்டர் பண்ணியாச்சு, இப்ப என்ன பண்ண?"ன்னார். பக்கத்துல அவர் பையன். படத்தையே பார்த்துக்கிட்டு இருந்தவன், "சித்தப்பா, இவங்களுக்கு ஸ்கூல் லீவா?"ன்னு கேட்டான். இல்லடா, ஸ்கூலே இல்லைன்னேன். "அப்ப நான் இந்தப் படத்தையும் எடுத்துட்டுப் போறேன்"னான். பிரிண்ட் எடுத்துக் குடுத்திருக்கேன். பின்னாடி லூயிஸ் ஹைன், சவுத் பிட்ஸ்டன், 1911 ஜனவரின்னு எழுதச் சொல்லி அவன் கையாலயே எழுத வச்சேன். தொப்பியும் போட்டுக்கிட்டுத் தான் போவான். போகட்டும்.

பதிவர் மக்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பழைய படம் போட்டுப் பதிவு எழுதுறீங்களா? யார் எடுத்தது, எந்த ஊர், எந்த வருஷம்னு மூணு வார்த்தை கீழ போடுங்க. தெரியலேன்னா தேடுங்க, பத்து நிமிஷ வேலை. அந்த மூணு வார்த்தை இருந்திருந்தா அந்த ஃபார்வேர்டு பொறந்தே இருக்காது.

டிஸ்கி: அண்ணன் இதப் படிப்பார்னு தெரியும். தயிர்சாதத்த நிறுத்திடாதீங்கண்ணே. ஊறுகா நான் கொண்டு வர்றேன்.